முதல் ஃபிளின்ட்லாக்: தேர்வு செய்வது முதல் மரத்தில் பதிப்பது வரை

குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் ரைஃபிளைச் சொந்தமாகச் செய்யத் தொடங்கும் பலர் முதலில் குழலை வாங்குகிறார்கள், அப்புறம் அழகான மேப்பிள் கட்டையைத் தேடுகிறார்கள். கல்லால் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் ஃபிளின்ட்லாக் அமைப்பு, சுருக்கமாக லாக், கடைசியில்தான் வருகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த வரிசை தவறு. குழலின் பின்முனை மரத்தில் எங்கே உட்கார வேண்டும், விசை எங்கே வர வேண்டும், கைப்பிடிப் பகுதி எவ்வளவு மெலிதாகலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது லாக்தான். மரத்தில் உளி படுவதற்கு முன்பே லாக் உங்கள் மேசையில் இருக்க வேண்டும்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பாணி நீள ரைஃபிள். ஜெர்மன் குடியேறிகள் கொண்டுவந்த குட்டையான யேகர் ரைஃபிளிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் அங்கே வளர்ந்த வடிவம் இது: 42, 44 அங்குலம் வரை நீளும் எண்பட்டைக் குழல், குழல் முனைவரை போகும் மேப்பிள் கட்டை. அந்த மாநிலத்தில் 1974-ல் ஃபிளின்ட்லாக்குக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் தொடங்கினார்கள். இந்தக் கைவேலை அங்கே இன்னும் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வகைத் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் பழம்பொருளாகவே கருதுகிறது. ஆனால் மாநிலச் சட்டங்கள் வேறுபடும், உங்கள் மாநிலத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959-ன் ஆயுதச் சட்டப்படி வைத்திருக்கவும் உரிமம் வேண்டும், செய்யவும் உரிமம் வேண்டும். அங்கே இருப்பவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லாக்கின் உறுப்புகள்

பள்ளிப் பாடத்தில் படித்த சிக்கிமுக்கிக் கல்லேதான் இங்கும். கல்லைக் கவ்விப் பிடித்திருக்கும் வளைந்த உறுப்புக்குத் தமிழில் குதிரை என்றே பெயர் உண்டு. அதற்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தகடு ஃபிரிஸன். ஃபிரிஸனின் அடிப்பாகம் மூடியாக இருந்து காக்கும் சிறு குழிவு கிண்ணம். விசையை அழுத்தினால் குதிரை பாய்கிறது, கல் எஃகைச் சீவுகிறது, சீவல்கள் எரிந்துகொண்டே கிண்ணத்தில் விழுகின்றன. பொறி என்று நாம் பார்ப்பது எரியும் எஃகுத் துகள்தான், கல் அல்ல. கிண்ண மருந்து பற்றி, அந்தத் தீ குழலின் பக்கவாட்டுத் துளை வழியே உள்ளே போகிறது. அந்தத் துளையை இனிப் பற்றுவாய் என்கிறேன்.

இவையெல்லாம் பொருத்தப்பட்டிருக்கும் லாக் தகட்டின் உட்புறத்தில் நான்கு பெயர்கள் போதும். குதிரையைத் தள்ளும் மெயின் ஸ்பிரிங், குதிரையோடு சேர்ந்து சுழலும் டம்ளர், டம்ளரின் வெட்டுகளில் மாட்டி அதைப் பிடித்துவைக்கும் சியர், இவற்றை ஆடாமல் தாங்கும் பிரிடில். பிரான்ஸின் லிசியூ ஊர்க்காரர் மாரென் லெ பூர்ஜ்வா 1610 வாக்கில் இந்த ஏற்பாட்டுக்கு வடிவம் கொடுத்தார் என்பார்கள். அடிப்படை அப்புறம் பெரிதாக மாறவேயில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்யப்பட்டு, 1790-களில் பிரிட்டிஷ் படையும் எடுத்துக்கொண்ட இந்தியா பேட்டர்ன் மஸ்கட்டிலும் இதே உறுப்புகள்தான்.

எந்த லாக்கை வாங்குவது

முதலில் பாணி. அமெரிக்கப் புரட்சிக்குப் பிந்தைய லங்காஸ்டர் ரைஃபிளுக்கு ஜெர்மானிய வடிவ லாக் பொருந்தும். இதில் அதிகம் பழக்கத்தில் இருப்பது பட் சைலர் என்ற லாக் கைவினைஞரின் பெயரில் வழங்கும் சைலர் லாக். இப்போது அது ஜிம் சேம்பர்ஸ் நிறுவனத்தின் பெயரில் கிடைக்கிறது. நீங்கள் செய்வது அதற்கு முந்தைய காலத் துப்பாக்கி என்றால் குவீன் ஆன் வகை, அல்லது முகப்பு உருண்ட ஆங்கிலேய லாக் எடுபடும். ஃபிரிஸன் ஸ்பிரிங்கில் சிறு உருளை வைத்த பிற்கால ஆங்கிலேய லாக் வேலை செய்வதில் அருமையானது, ஆனால் 1780-ஐச் சேர்ந்த லங்காஸ்டர் ரைஃபிளில் அதை வைத்தால் தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும்.

அடுத்து அளவு. பின்முனையில் ஒரு அங்குலத்தை நெருங்கும் குழலுக்குப் பெரிய சைலர், 13/16 அங்குல நேர்க்குழலுக்குச் சின்ன சைலர். மெல்லிய துப்பாக்கியில் பெரிய லாக்கை வைத்தால் கைப்பிடிக்கு அருகில் மரமே மிஞ்சாது. விசை பற்றியும் இப்போதே முடிவெடுங்கள். ஒன்றை இழுத்துத் தயார்செய்து இன்னொன்றை மெல்லத் தொடும் இரட்டை விசை வேண்டுமென்றால், டம்ளரில் ஃபிளை என்ற குட்டி உறுப்பு கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சுடும்போது சியர் பாதி வெட்டில், அதாவது குதிரையைப் பாதி வழியில் நிறுத்திவைக்கும் வெட்டில், போய் மாட்டிக்கொள்ளும்.

விலையில் மட்டும் கை வைக்காதீர்கள். என் முதல் லாக்கை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினேன். ஃபிரிஸன் சரியாகக் கடினப்படுத்தப்படவில்லை. கல் பட்டால் கோடு விழுமே தவிர பொறி வராது. இரண்டு மாதம் கல்லை மாற்றி, கோணத்தை மாற்றி, தோலை மாற்றிப் பார்த்து, கடைசியில் வேறு லாக் வாங்கினேன். அந்த மலிவு லாக்குக்கு என்று வெட்டிய கட்டையும் போனது. துப்பாக்கியின் மற்ற எந்தக் குறையையும் பிறகு சரிசெய்யலாம். பொறி வராத லாக்கோடு ஒன்றும் செய்ய முடியாது.

வாங்கியதும் சோதிக்க வேண்டியவை

குதிரையின் தாடையில் கல்லுக்குப் பதில் ஒரு மரத்துண்டைக் கவ்வ வையுங்கள். வெறும் தாடையோடு அடித்துப் பார்க்க வேண்டாம். மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். முதல் கிளிக் பாதி நிலை. அங்கே சியர் ஆழமாக மாட்டியிருக்க வேண்டும். விரலால் சியரை எவ்வளவு தள்ளினாலும் குதிரை விடுபடக் கூடாது. உயிரைக் காக்கும் வெட்டு அது, இதில் சந்தேகம் வந்தால் லாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது கிளிக் முழு நிலை. நல்ல லாக்கில் தொடக்கத்தில் ஸ்பிரிங் கையை நன்றாக எதிர்க்கும், முழு நிலையை நெருங்கும்போது இளகியதுபோல இருக்கும்.

ஃபிரிஸனை மூடி, லாக்கை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கிண்ணத்துக்கும் மூடிக்கும் நடுவே வெளிச்சக் கோடு தெரிந்தால் மருந்து கசியும். ஃபிரிஸன் பக்கவாட்டில் ஆடக் கூடாது.

இப்போது கல்லை வையுங்கள். பெரிய சைலருக்கு 3/4 அங்குல அகலம், சின்னதற்கு 5/8. ஃபிரிஸனின் அகலத்தை மீறினால் கல் குழலைச் சுரண்டும். இங்கிலாந்தின் சஃபோக் பக்கத்து பிராண்டன் ஊரிலிருந்து வரும் கறுப்புக் கல்லையே நான் விரும்புகிறேன். பிரெஞ்சுத் தேன்நிறக் கல்லும் நல்லதுதான். கல்லை மெல்லிய தோலில் மடித்துக் கவ்வ வையுங்கள். பாதி நிலையில் கல்லின் முனை ஃபிரிஸனைத் தொடாமல், அதன் முகத்துக்கு இணையாக நிற்க வேண்டும். அடிக்கும்போது ஃபிரிஸனின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பட வேண்டும்.

இருட்டறையில் அடித்துப் பாருங்கள். வெள்ளையாக, கொத்தாக, கிண்ணத்துக்குள் விழுந்தபிறகும் ஒரு கணம் நின்று சீறும் பொறி வந்தால் நல்ல லாக். சிவந்த இரண்டு புள்ளி தெரிந்து அணைந்தால் கல்லின் கோணத்தை மாற்றிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் குறை ஃபிரிஸனில்தான்.

எல்லாம் தொடங்கும் புள்ளி

இந்த ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

குழலும் அதன் பின்முனையை அடைக்கும் மரையடைப்பும் மரத்தில் முதலில் பதிந்திருக்க வேண்டும். லாக் அதற்குப் பின்னால்தான். பற்றுவாய் அந்த அடைப்பின் முகத்துக்குச் சற்று முன்னால், மருந்து தங்கும் இடத்தில் திறக்க வேண்டும். அடைப்பின் நீளம் 5/8 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். குழலின் பின்விளிம்பிலிருந்து 5/8 அங்குலத்தில் பக்கப் பட்டையில் ஒரு கோடு. அதற்கு முன்னால் 1/8 அங்குலம் தள்ளி இன்னொரு கோடு. அதாவது பின்விளிம்பிலிருந்து 3/4 அங்குலம். இரண்டாவது கோட்டில்தான் பற்றுவாயின் நடு வரும். காகிதக் கணக்கை நம்பாமல், குழலுக்குள் ஒரு கோலை விட்டு அடைப்பின் முகம் உண்மையில் எங்கே இருக்கிறதென்று அளந்து, வெளியே குறித்துக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தின் நடு அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். உயரத்தில், பற்றுவாய் கிண்ணத்தின் மேல்விளிம்போடு ஒட்டியிருந்தால் போதும், குழலின் பக்கப் பட்டைக்கு நடுவிலும் வந்தால் இன்னும் அழகு. கிண்ணத்துக்குப் பின்னால் எழும் வேலி குழலின் பின்விளிம்போடு நேராக நிற்பதைப் பழைய துப்பாக்கிகளில் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அழகை விட்டுப் பற்றுவாயைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தின் நடுவை அச்சாக வைத்து லாக்கை மேலும் கீழும் திருப்பிப் பாருங்கள். தகட்டின் வால் கைப்பிடியின் வளைவோடு போக வேண்டும். பெரும்பாலும் சற்றே கீழ்நோக்கி. திருப்பும்போது உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சியரின் கையும் நகரும், அதனடியில்தான் விசை வரும். அதிலிருந்துதான் விசையிலிருந்து தோள்வரையுள்ள நீளம் அளக்கப்படும். கிண்ணத்தில் கால் அங்குலம் தவறினால் தோள்வரை அது தொடரும்.

இன்னொரு சிக்கல் கீழே காத்திருக்கிறது. குழலுக்குக் கீழே கெட்டிக்கோல் போகும் 3/8 அங்குலத் துளை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வழக்கமாக 1/8 அங்குல மரம்தான் விடுவார்கள். லாக்கின் முன் திருகாணி அந்த இடுக்கு வழியேதான் குறுக்கே போக வேண்டும். வழக்கமான 8-32 என்ற மரை அளவுத் திருகாணியின் தடிமனோ 1/8-ஐ விடச் சற்றே அதிகம். அதனால் குழலின் அடிப்பட்டையில் ஆணிக்கு ஒரு சிறு காடி அராவ வேண்டியிருக்கும். பயப்பட வேண்டாம், பழைய துப்பாக்கிகளிலும் இதைப் பார்க்கலாம். மெயின் ஸ்பிரிங்கின் கீழ்க்காலும் இந்தத் துளைக்குப் பக்கத்தில்தான் ஓடும். கோலின் துளை லாக் பக்கமாகச் சாய்ந்துவிட்டால் ஸ்பிரிங் அதில் இடிக்கும். மரத்தில் உளி வைக்குமுன் துளைக்குள் ஒரு கம்பியை விட்டு அது எங்கே போகிறதென்று பாருங்கள்.

பிரித்தல்

மெயின் ஸ்பிரிங்கை விரலால் கழற்றப் போகாதீர்கள். குதிரையை முழு நிலைக்கு இழுத்து, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் சிறு கருவியான ஸ்பிரிங் வைஸை மாட்டி இறுக்கி, அப்புறம் சியரை விடுவித்துக் குதிரையைக் கையால் தாழ்த்துங்கள். ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வரும். அடுத்து சியர் ஸ்பிரிங், சியர், பிரிடில். குதிரையின் திருகாணியைக் கழற்றி, டம்ளரைப் பித்தளைக் குச்சியால் தட்டி வெளியே எடுங்கள். ஃபிளை இருந்தால் அது இந்த நேரத்தில்தான் தரையில் விழுந்து தொலையும், கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருகாணியையும் அதன் இடத்தை எழுதிய காகிதத்தில் குத்திவையுங்கள். ஒன்றுபோல் தெரியும், ஒன்றல்ல.

மரத்தில் பதித்தல்

வெறும் தகட்டோடு தொடங்குங்கள். தகட்டின் விளிம்பு உட்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரத்தால் மெல்லச் சாய்த்துவிடுங்கள். அந்தச் சாய்வு இருந்தால் தகடு ஆப்பு போல இறங்க இறங்க மரத்தோடு இறுகும். செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் விளிம்பு மரம் பிய்ந்துவரும்.

கிண்ணத்தை ஒட்டித் தகட்டின் உட்புறம் தடித்திருக்கும் பகுதிக்கு போல்ஸ்டர் என்று பெயர். முதலில் அதற்கு இடம் வெட்டி, அது குழலின் பக்கப் பட்டையில் முட்டும்வரை கொண்டுபோங்கள். அப்புறம் தகட்டைச் சுற்றிக் கூர்மையான கத்தியால் கோடு. கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே உளியை நிறுத்திக் குத்தி, நடுவை வழித்தெடுங்கள். 1/8, 1/4 அங்குல உளிகள் போதும். ஆனால் முகம் மழிக்கும் அளவுக்குக் கூராக இருக்க வேண்டும். சுருள்மேப்பிளில் நாரின் திசை ஒவ்வொரு வரிக்கும் மாறும். மழுங்கிய உளி வெட்டாது, பிளக்கும்.

இனி வருவது கறுப்புப் பூசும் வேலை. எண்ணெயில் குழைத்த விளக்குக்கரியைத் தகட்டின் அடியிலும் விளிம்பிலும் மெல்லியதாகத் தடவி, பள்ளத்தில் வைத்து, மரச்சுத்தியலால் இரண்டு தட்டு. எடுத்துப் பாருங்கள். மரம் எங்கே தொட்டதோ அங்கே மட்டும் கறுப்பு. அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டுங்கள். மறுபடி பூசுங்கள், வையுங்கள், தட்டுங்கள், எடுங்கள். ஐம்பது முறை வரலாம், நூறு வரலாம். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் தன் கார் ஷெட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கறுப்பில்லாத இடத்தில் உளி வைத்தபோதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் என் கை தானாக நின்றது. தகடு கடைசியில் உட்கார்ந்தபோது மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு கறுப்பு ரேகைகூட இல்லை, தட்டினால் வந்த சத்தமும் மாறியிருந்தது. பொள்ளலாக ஒலித்தது போய், கட்டையையே தட்டுவதுபோல ஒலித்தது.

போல்ஸ்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். எங்கேயும் நுழையக் கூடாது. நுழைந்தால் அந்த வழியே கிண்ண மருந்து லாக்குக்குள் போகும், சுடும்போது அங்கே எரியும்.

தகடு உட்கார்ந்த பிறகு உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். டம்ளரும் பிரிடிலும் முதலில், பிறகு சியர், சியர் ஸ்பிரிங், கடைசியில் மெயின் ஸ்பிரிங். ஒவ்வொன்றுக்கும் கறுப்புப் பூசி, ஆழத்தைக் குறித்துத் துளைத்து, உளியால் முடியுங்கள். ஒரே பெரிய குழியாகத் தோண்டிவிடலாம் என்று தோன்றும். கூடாது. துப்பாக்கி முறியும் இடம் கைப்பிடி. அங்கே விடும் ஒவ்வொரு இழை மரமும் கணக்கில் வரும். அதே சமயம் அசையும் எதுவும் மரத்தில் உரசவும் கூடாது. லாக்கைப் பொருத்தி அடித்தால், வெளியே வைத்து அடித்ததைப் போலவே சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். மந்தமாகத் தோன்றினால் எங்கோ உரசுகிறது. கறுப்பு அந்த இடத்தைக் காட்டும்.

திருகாணி, விசை, பற்றுவாய்

லாக்கைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, இரு பக்கமும் புள்ளி குறித்து, டிரில் பிரஸ்ஸில் எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்லிய துளையாகத் தொடங்குங்கள். 8-32 மரைக்குத் தகட்டில் 29-ஆம் எண் டிரில். பின் ஆணி குழல் அடைப்பின் வால் அருகே போவதால் அங்கே இரும்பையும் துளைக்க வேண்டி வரலாம். ஆணியை வெறிகொண்டு இறுக்காதீர்கள். இறுக்கினால் தகடு வளைந்து உள்ளே சியர் பிடிக்கும்.

விசையின் மேல்விளிம்புக்கும் சியர் கைக்கும் நடுவே, குதிரை எந்த நிலையில் இருந்தாலும், ஒரு மெல்லிய இடைவெளி வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் சியர் பாதி வெட்டில் முழுதாக இறங்காது, இறங்கியதுபோலத் தோன்றும். ஆபத்து அந்தத் தோற்றத்தில்தான்.

லாக் ஆணிகளில் உறுதியாக நின்ற பிறகே பற்றுவாய். கிண்ணத்தின் நடுவைக் குழலில் குறித்து, குழலை மரத்திலிருந்து எடுத்துத் துளையுங்கள். 1/16 அங்குலம் போதும். உட்புறம் கூம்பாகக் குடைந்த பற்றுவாய்த் திருகைப் போடுவதானால், 1/4 அங்குல மரை அடைப்பின் முகத்தில் ஏறாமல் இருக்கத்தான் அந்த 1/8 அங்குலத்தை விட்டோம். அதன் உள்முனை குழலின் உட்சுவரைத் தாண்டி நீட்டக் கூடாது. முதல் துப்பாக்கியின் குழலையும் அடைப்பையும் பற்றுவாயையும் அனுபவமுள்ள ஒருவர் பார்க்காமல் மருந்து போடாதீர்கள். இண்டியானாவின் ஃபிரெண்ட்ஷிப்பில் இருக்கும், 1933-ல் தொடங்கிய தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கத்தின் கூட்டங்களில் இப்படிப் பார்த்துச் சொல்லும் மனிதர்களைச் சந்திக்கலாம்.

முதல் தீ

கரும்மருந்து மட்டும்தான். புகையற்ற மருந்தின் ஒரு சிட்டிகைகூடக் கூடாது, குழல் வெடிக்கும். கிண்ணத்துக்குப் பொடியான 4எஃப், குழலுக்குச் சற்றுப் பருத்த 3எஃப். முதல் நாள் குழல் காலியாகவே இருக்கட்டும். ஒன்றுமில்லை என்று கோலை விட்டு உறுதி செய்துகொண்டு, கிண்ணத்தில் மட்டும் பாதிக்கும் குறைவாக மருந்து போடுங்கள். பற்றுவாய்க்கு அருகே இருக்கட்டும், ஆனால் அதை மூட வேண்டாம். மூடினால் திரிபோல மெல்ல எரிந்துதான் தீ உள்ளே போகும். அருகே திறந்திருந்தால் ஜுவாலை நேராகப் பாயும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வலப்பக்கம் யாரும் நிற்க வேண்டாம், ஜுவாலை அந்தப் பக்கம்தான் தெறிக்கும்.

பத்து முறை அடித்துப் பத்து முறையும் பற்றினால் லாக் தயார். பிறகு ஃபிரிஸனின் முகத்தைத் துடைத்து, கல்லின் முனையைப் பாருங்கள். மழுங்கியிருந்தால் சிறு பித்தளைத் துண்டால் விளிம்பைத் தட்டிக் கூராக்குங்கள். மாலையில் லாக்கைக் கழற்றி வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, எண்ணெய் இடுங்கள். மரத்தின் உள்பள்ளத்திலும் ஆளிவிதை எண்ணெயை இரண்டு மூன்று முறை ஊறவிடுங்கள். அங்கே பூச்சில்லாத வெறும் மரம் தெரிந்தால் எண்ணெயையும் மருந்துக் கசடையும் உறிஞ்சிக்கொண்டு சில வருடங்களில் மெதுமெதுவென்று ஆகிவிடும். அப்போது நூறு முறை கறுப்புப் பூசி உட்காரவைத்த தகடு மறுபடி ஆடத் தொடங்கும்.